சாயக்காரர் கொடுத்த கைக்கடிகாரம்

இந்தக் கைக்கடிகாரம் இப்போது ஒரு நாளைக்கு எட்டு நிமிஷம் பின்தங்குகிறது. காலையில் காப்பிக்கு முன்னால் சாவி கொடுக்கிறேன். பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி தொடங்கும்போது முள்ளைத் தள்ளி வைக்கிறேன். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறவளுக்கு மணி தெரிந்து ஆகவேண்டிய காரியம் எதுவும் கிடையாது. "ஒனக்கு எந்த ரயிலப் புடிக்கணும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். ரயில் எதுவும் இல்லை. ஆனால் இது தப்பான மணி காட்டிக்கொண்டு மேஜைமேல் கிடக்கிறது என்று தெரிந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. உலையில் கொதிக்கிற சோற்றை விட்டுவிட்டு வந்து திருத்திவிட்டுப் போவேன்.

போன மாதம் என்னோடு வேலை பார்த்த இரண்டு நர்ஸுகள் வீட்டுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் பிரசவ அறைகளைப் புதுப்பிக்கிறார்களாம். பெரிய மின்சாரக் கடிகாரம் மாட்டப்போகிறார்களாம். சின்ன அறைச் சுவரில் தலைக்கு மேலே ஒரு பித்தளை ஆணி இருந்ததாம். சாமி படம் மாட்டுகிற இடமும் இல்லை, துணி தொங்கவிடுகிற இடமும் இல்லை, எதற்கு அடித்தது என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

"அது சிவகாமி நர்ஸ் ஆணின்னு ஒங்க பேரச் சொல்லிப் பழைய ஆயா ஒருத்தங்க சொன்னாங்கக்கா. ஆண்டு மலர் போடுறோம். அதப் பத்தி எழுதிக் குடுங்க," என்றார்கள்.

ஆணியைப் பற்றி எழுதினால் கடிகாரத்தைப் பற்றி எழுத வேண்டும். கடிகாரத்தைப் பற்றி எழுதினால் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுதாமல் தப்பிக்க முடியாது. மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, எழுதிவிடுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பதை மட்டும் விட்டுவிடுகிறேன். தப்பு என்னுடையது; கட்டடத்தின்மேல் ஏன் போட வேண்டும்?

நான் திருமங்கலத்துக்காரி. எட்டாவது வரை படித்தேன். பிரசவம் பார்க்கிற பயிற்சிக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பாவிடம் மூன்று நாள் பேசாமல் இருந்து சம்மதம் வாங்கினேன். பயிற்சியில் பாதி நாள் தரை கழுவினேன், மீதி நாள் வெந்நீர் போட்டேன். வேலையைக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு, ரெபெக்காள் டாக்டரம்மாவிடம்.

டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கம். ஒடிசலான உடம்பு, வெள்ளைப் புடவை, நடக்கும்போது செருப்புச் சத்தம் கேட்காது. மற்றவர்கள் கோபம் வந்தால் குரலை உயர்த்துவார்கள், அவர் தாழ்த்துவார். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்க வேண்டிய அளவுக்குத் தாழ்ந்துவிட்டால் அன்று நமக்குச் சனி பிடித்தது என்று அர்த்தம். பிரசவ அறைக்குள் வளையல் கூடாது, மோதிரம் கூடாது. முழங்கை வரை சோப்புப் போட்டு ஐந்து நிமிஷம் தேய்க்க வேண்டும். நாலரை நிமிஷத்தில் கையை எடுத்தால் திரும்ப முதலிலிருந்து. எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார், ஆனால் எண்ணிக்கொண்டிருப்பார்.

பிறந்த நேரம் எழுதுவதற்கு அவர் வைத்திருந்த முறை இது. தலை தெரிந்த நேரம் கணக்கில்லை. முழுக் குழந்தையும் வெளியே வந்த நொடியில் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பிறகுதான் ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டும். மணியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கை கழுவியதும் ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். எழுதியதைச் சுரண்டக் கூடாது, அடித்து மறைக்கக் கூடாது. தப்பு நேர்ந்தால் கீழே சிவப்பு மையில் காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமைதோறும் ரிஜிஸ்தரை அவர் கீழிருந்து மேலாகப் படிப்பார். மேலிருந்து படித்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடுமாம்.

இவ்வளவு கெடுபிடியும் வைத்தியத்துக்காக என்று அவர் நினைத்தார். வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு அது ஜாதகத்துக்காக. அந்தக் காலத்தில் குழந்தை எடை என்ன என்று கேட்டவர்கள் குறைவு. மணி என்ன என்று கேட்காதவர் கிடையாது. வீட்டுப் பிரசவத்துக்குப் போனால் அறைக்குள் எங்கள் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். குழந்தை விழுந்ததும் அதை வாசல்படி தாண்டி உருட்டிவிட வேண்டும். பழம் வெளியே வந்த நேரத்தை அங்கே காத்திருப்பவர் குறித்துக்கொள்வார். நான் சில சமயம் பழத்தை உருட்ட மறந்துவிடுவேன்; அதற்கு வாங்கிய ஏச்சை, தாய்க்குத் தையல் போட மறந்திருந்தால்கூட வாங்கியிருக்க மாட்டேன்.

கடிகாரம் எனக்கு வந்தது பத்மாவின் முதல் பிரசவத்தில். பத்மாவின் அப்பா சீதாராமய்யா கீழவாசல் பக்கம் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிற பட்டறை வைத்திருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, எங்களிடம் நல்ல மதுரைத் தமிழ். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சாயக்காரர் என்றால்தான் தெரியும். இரண்டு கையும் மணிக்கட்டு வரை கருநீலத்தில் இருக்கும். பத்மாவும் அவளுக்கு மூத்தவன் நாகராஜனும்தான் அவருக்குப் பிள்ளைகள்.

பத்மாவின் பையன் பிறந்தபோது அழவில்லை. உடம்பு அவன் தாத்தா கை நிறத்தில் இருந்தது. வெந்நீர்த் தொட்டி ஒன்று, பச்சைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று. இதில் முக்கி அதில் முக்கி, வாயில் துணிவைத்து ஊதி, ஒன்பது நிமிஷம் விடாமல் பார்த்தேன். டாக்டரம்மா வந்து பின்னால் நின்றதே எனக்குத் தெரியாது. பத்தாவது நிமிஷம் பையன் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டான்.

பதினாறாம் நாள் சாயக்காரர் மகனையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, ஒரு சின்னப் பெட்டியை டாக்டரம்மா மேஜைமேல் வைத்தார். உள்ளே நிக்கல் கைக்கடிகாரம். ஆண்கள் கட்டுகிறது. இருட்டில் பச்சையாகத் தெரிகிற எண்கள்.

"இங்க யாரும் பரிசு வாங்கக்கூடாது," என்றார் டாக்டரம்மா.

"பரிசு இல்லீங்கம்மா. இந்தம்மா கையில மணி பாக்க ஒண்ணும் இல்ல. ஒங்க சின்ன ரூம்புலயும் ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் குடுக்குறேன். இவங்க கட்டிக்கிட்டா ரெண்டுக்கும் ஆச்சு."

சின்ன அறையில் சுவர்க் கடிகாரம் இல்லை என்பதை அவர் எப்போது கவனித்தாரோ. டாக்டரம்மா யோசித்துவிட்டு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பிரசவ நேரத்தில் அது என் கையில் இருக்கக் கூடாது, சுவரில் தொங்க வேண்டும். அதற்காக அடித்ததுதான் அந்தப் பித்தளை ஆணி.

என் மணிக்கட்டுக்கு அது லொடலொட என்றிருந்தது. நாகராஜன் சிரித்தான். பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தான். எந்நேரமும் சட்டைப் பையில் ஏதாவது ஆயுதம் இருக்கும். "நர்ஸக்கா, ஒங்க கைக்கு இது வளையலால்ல கெடக்கு. குடுங்க," என்று வாங்கி, குத்தூசியால் வாரில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தான். மற்ற ஓட்டைகளின் வரிசையை விட்டு அது கொஞ்சம் தள்ளி இருந்தது. "கோணலாப் போச்சு, பரவாயில்ல, கடியாரம் நேரா ஓடும்," என்றான்.

நாலு வருஷம் நேராகத்தான் ஓடியது. அதற்குள் உலகச் சண்டை வந்துவிட்டது. நாகராஜன் பட்டாளத்தில் லாரி மெக்கானிக்காகச் சேர்ந்து பர்மாப் பக்கம் போய்விட்டான். இங்கே சர்க்கார் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னது. ரயிலும் கோர்ட்டுக் கச்சேரியும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அப்படியே மாறின. சூரியன் மாறவில்லை, பஞ்சாங்கமும் மாறவில்லை. அதனால் ஊரில் இரண்டு மணி ஆகிவிட்டது: புது மணி, பழைய மணி. யாரிடம் மணி கேட்டாலும் "எந்த மணிக்கு?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

எங்களுக்கு அதனால் ஒரு வேலை கூடியது. ரிஜிஸ்தரில் புது மணி எழுதிவிட்டு, வெளியே காத்திருப்பவரிடம் ஒரு மணி நேரத்தைக் கழித்துப் பழைய மணி சொல்லுவோம். அவர்களையே கழிக்கச் சொன்னால் சிலர் கழிப்பார்கள், சிலர் கூட்டுவார்கள், சிலர் ஜோசியரிடம் போய்ச் சண்டை போடுவார்கள். எதற்கு வம்பு என்று நாங்களே சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது.

அந்த ஐப்பசியில் ஒருநாள் திருவாதவூரில் ஒரு வீட்டுப் பிரசவத்துக்கு என்னை அனுப்பினார்கள். அந்த வீட்டில் இருந்த சுவர்க் கடிகாரம் பழைய மணி. அறைக்குள் என் கடிகாரம் புது மணி. "ரெண்டு கடியாரமும் ரெண்டு சொன்னா நாங்க எத எழுதுறது?" என்று ஒரு பெரியவர் வாசலில் நின்று விடாமல் கேட்டார். வலியெடுத்துக் கிடக்கிறவளைப் பார்ப்பேனா, அவரோடு வாதம் பண்ணுவேனா? முள்ளைத் திருப்பி அவர்கள் மணிக்கே வைத்தேன். மறுநாள் காலையில் குழந்தை பிறந்தது. எலுமிச்சம்பழத்தை உருட்டினேன். பெரியவருக்கு நிம்மதி. மழைத் தூறலில், கரி எரித்து ஓடுகிற பஸ்ஸில் முதுகு ஒடிய உட்கார்ந்து மதுரை வந்து சேர்ந்தேன்.

ஆஸ்பத்திரிக்குள் காலை வைத்ததும் பத்மா வந்திருக்கிறாள் என்றார்கள். இரண்டாவது பிரசவம். நான்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். பெரிய அறையில் வேறொருத்திக்கு இன்னொரு நர்ஸ் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்மாவைச் சின்ன அறையில் படுக்க வைத்தேன். கடிகாரத்தை அவிழ்த்து ஆணியில் மாட்டினேன். ஐந்து நிமிஷம் கை தேய்த்தேன். பெரிய அறையில் குழந்தை அழுத சத்தம் கேட்டது. அதற்கு அரை மணி கழித்து எங்கள் அறையிலும் கேட்டது. முறைப்படி முதலில் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு இருபது என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு பார்த்தேன், பெண்.

வராந்தாவில் சாயக்காரர் எழுந்து நின்றார். காலையிலிருந்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். வெளியே மழை மூட்டம். வெயிலைப் பார்த்து நேரம் சொல்ல முடியாத நாள்.

"பொம்பளப் புள்ளய்யா. ரெண்டு பேரும் சொகம். பழைய மணிக்கு மூணு இருவது," என்றேன்.

"ஒங்க கடியாரத்துல பாத்தீங்கள்ல?"

"அதுலதான்யா பாத்தேன்."

அது போதும் அவருக்கு. நேரே ஜோசியர் வீட்டுக்கு நடந்தார்.

புது மணி ஆறுக்கு டியூட்டி மாறுகிற மணி அடித்தது. கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டிருந்தேன். அதில் மணி ஐந்து. திருவாதவூரில் திருப்பிய முள்ளை நான் திரும்ப வைக்கவே இல்லை. நாலு இருபது என்று நான் பார்த்ததே பழைய மணிதான். அதில் இன்னொரு மணி நேரத்தைக் கழித்துச் சொல்லியிருக்கிறேன். ரிஜிஸ்தரில் பெரிய அறைக் குழந்தைக்கு நாலு ஐம்பது என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, அதற்குப் பிறகு பிறந்த பத்மாவின் குழந்தைக்கு என் கையெழுத்தில் நாலு இருபது.

அப்போதே ஓடியிருந்தால் ஜோசியர் வீட்டிலேயே சாயக்காரரைப் பிடித்திருக்கலாம். சிவப்பு மையில் எழுதினால் டாக்டரம்மாவின் குரல் எவ்வளவு தாழும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் என்ன வந்துவிடப் போகிறது, ஜாதகம்தானே என்று நினைத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு முள்ளை முன்னால் தள்ளினேன். வீட்டுக்குப் போய்விட்டேன். இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

அந்தச் சனிக்கிழமை டாக்டரம்மா கிராமத்து வைத்திய முகாமுக்குப் போயிருந்தார். ரிஜிஸ்தர் படிக்கப்படவில்லை. அந்த நாட்களில் நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. துடைத்த தொட்டியையே திரும்பத் துடைத்தேன். ரிஜிஸ்தர் இருந்த மேஜைப் பக்கம் யார் போனாலும் பின்னாலேயே போனேன். "ஏக்கா, ஒங்களுக்கு என்ன, கால்ல சக்கரமா கட்டிருக்கு?" என்று ஆயா கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள் பத்மா குதிரை வண்டியில் வந்து இறங்கினாள். காய்ச்சல் அனலாக அடித்தது. மார்பு இரண்டும் கல்லாகக் கட்டியிருந்தது. ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருந்தது. எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டேன்.

"புள்ள எங்க பத்மா?"

"திருமங்கலத்துக்கு அனுப்பிட்டாங்க நர்ஸம்மா. அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க. அவங்களுக்குப் புள்ள இல்ல. வெள்ளிக்கெழம தத்து எழுதப்போறாங்க."

"ஏன்?"

"ரோகிணியில பொறந்துருச்சாம். மாமனுக்கு ஆகாதாம்."

அதற்குப் பரிகாரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் தெரிகிற குழந்தை முகத்தை மாமன் முதலில் பார்த்துவிட்டால் தோஷம் கழிந்துவிடும். இங்கே மாமன் பர்மாவில். ஐந்து மாதமாகக் கடுதாசி இல்லை. சாயக்காரர் சாமி முன்னால் வெண்கலக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டு பத்து நாள் காத்திருந்தாராம். பிறகு குழந்தையை அனுப்பிவிட்டார். பத்மாவின் புருஷன் மாமனார் பட்டறையிலேயே வேலை பார்ப்பவன். அவனால் வாய் திறக்க முடியவில்லை.

"அண்ணன் உசுரா, புள்ளையான்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்றாள் பத்மா. "பால் மட்டும் நிக்க மாட்டேங்குது. அத நிறுத்த ஏதாச்சும் மருந்து குடுங்க."

"ரோகிணி எம்புட்டு நேரம் வரைக்கும்னு ஜோசியர் சொன்னாரா?"

"பழைய மணிக்கு மூணே முக்கா வரைக்குமாம். இருவத்தஞ்சு நிமிசம் பிந்திப் பொறந்திருந்தாப் போதுமாம்."

குழந்தை பிறந்தது நாலு இருபதுக்கு. பால் கட்டுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, நேரே போய் ரிஜிஸ்தரை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனேன். முகாமிலிருந்து அன்று காலைதான் திரும்பியிருந்தார். பக்கத்தைத் திறந்து வைத்தேன். விரலால் கீழிருந்து மேலே போனவர் இரண்டாவது வரியில் நிறுத்தினார்.

நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். குரல் தாழ்ந்துவிட்டது, குனிந்துதான் கேட்டேன்.

"ஒனக்கு எப்போ தெரியும்?"

அன்று காலைதான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்மா."

சிவப்பு மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தினார். "எழுது. இங்கிலீஷ்ல வேண்டாம். தமிழ்ல எழுது. கடேசியாச் சொன்னியே, அதையும் எழுது."

எழுதினேன். "மேலே எழுதிய நேரம் தவறு. என் கைக்கடிகாரம் பழைய மணியில் இருந்ததைக் கவனிக்காமல் எழுதினேன். சரியான நேரம் புது மணி ஐந்து இருபது. இது எனக்கு அன்று மாலையே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை." கையெழுத்துப் போடும்போது பேனா மையைக் கொட்டிவிட்டது. அந்தக் கறை இன்னும் அந்தப் புத்தகத்தில் இருக்கும்.

அந்த ரிஜிஸ்தர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக் கூடாது என்பது டாக்டரம்மா போட்ட சட்டம். அன்று அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜட்காவில் ஏறினார். "நீயும் ஏறு," என்றார். கீழவாசல் திரும்பும்போது, "எனக்கு நட்சத்திரத்துல நம்பிக்கை கெடையாது. மணியில உண்டு," என்றார்.

சாயக்காரர் பட்டறையில் கொப்பரைக்குள் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு வந்தார். பத்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்திருக்க வேண்டும். நான் முந்திக்கொண்டு சொன்னேன். நாலு இருபது, பழைய மணி, ரோகிணி இல்லை, மிருகசீரிஷம். சொல்லி முடித்ததும் அவர் முகம் தெளியவில்லை, இறுகியது.

"நர்ஸம்மா, ஒங்களுக்கு மனசு எளகிருச்சு. பத்மா அழுததப் பாத்திருப்பீங்க. அதுக்காக மணிய மாத்திச் சொல்லாதீங்க. நான் என்ன கல்லா? எனக்கும் பேத்திதான். ஆனா அவன் அங்க குண்டுக்கு நடுவுல நிக்கிறான்."

"மாத்திச் சொல்லலய்யா. மொதல்ல சொன்னதுதான் தப்பு."

"பன்னெண்டு நாளு கழிச்சா தெரிஞ்சது?"

டாக்டரம்மா ரிஜிஸ்தரைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார். அதைத் தமிழில் எழுதச் சொன்னது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாயம் படக்கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "தெரிந்தும் சொல்லவில்லை" என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி ஒருமுறை அதையே படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எரக்கப்பட்டு மாத்துறவங்க தன்னைப் பத்தி இப்புடி எழுதிக்க மாட்டாங்க," என்றார்.

நான் கடிகாரத்தை அவிழ்த்து நீட்டினேன். அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை என்றேன்.

"கடியாரம் என்ன செய்யும்? கட்டிக்கங்க," என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி மருமகனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது திருமங்கலம் என்ற ஒரு வார்த்தை. அவன் மேல் துண்டைக்கூட எடுக்காமல் ஓடினான். அன்று பொழுது சாய்வதற்குள் குழந்தை பத்மாவிடம் வந்துவிட்டது. நல்லவேளை, பாலை நிறுத்த நான் மருந்து கொடுக்கவில்லை.

டாக்டரம்மா என்னை ஆறு மாதம் பிரசவ அறைக்குள் விடவில்லை. வெளி நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் மேஜையில் உட்கார வைத்தார். தண்டனை நியாயமானது. அதைவிடப் பெரிய தொல்லை என் மண்டைக்குள் இருந்தது. இந்தத் தப்பு தெரிந்தது, அன்று டியூட்டி மணி அடித்தபோது கடிகாரத்தைப் பார்த்ததால். அப்படிப் பார்க்காத நாட்களில்? பழைய மணி வீடுகளுக்குப் போய்விட்டு வந்த மற்ற நாட்களில் முள்ளைச் சரியாக வைத்தேனா? வைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். செவ்வாய் தோஷம் என்று கல்யாணம் தள்ளிப் போகிற பெண்ணைப் பற்றி யாராவது பேசினால், எந்த வருஷம் பிறந்தாள், எந்த ஆஸ்பத்திரி என்று இன்றைக்கும் கேட்டுவிடுகிறேன்.

அந்த மேஜையில் நான் உட்கார்ந்திருந்த நாலாவது மாதம் சாயக்காரர் வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். பட்டாளத்திலிருந்து வந்த கடுதாசியை மடியிலிருந்து எடுத்து வைத்தார். இங்கிலீஷில் நாலு வரி. ஏற்கெனவே யாரையோ படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார். நாகராஜன் இறந்துவிட்டான். ஆற்றைக் கடக்கும்போது லாரியோடு போய்விட்டான். தேதி போட்டிருந்தது.

நான் தேதியைப் பார்த்தேன்.

"பாத்தீங்களா நர்ஸம்மா? பாப்பா பொறக்குறதுக்கு ஒம்பது நாளைக்கு முந்தியே போயிட்டான். நான் அந்தக் கிண்ணத்துல எண்ணெய ஊத்தி வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேனே, அப்பவே அவன் இல்ல. ரோகிணியுமில்ல, ஒண்ணுமில்ல. அந்தப் பச்சப் புள்ளையப் பத்து நாள் வச்சிருந்து வெளிய அனுப்பிட்டேன்."

"ஐயா..."

"அத விடுங்க. நான் வந்தது வேற. தெவசம் குடுக்கணும்ல, திதி பாக்கணும். அந்தத் தேதிக்கு மத்தியானம் வரைக்கும் ஏகாதசி, அப்புறம் துவாதசி. எந்த மணிக்குப் போனான்னு தெரிஞ்சாத்தான் ஐயர் சொல்ல முடியும்ங்கிறாரு. இதுல மணி போட்டிருக்கா? எல்லாரும் இல்லைன்னாங்க. நீங்க ஒரு தடவ பாருங்க."

நாலு வரியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காகிதத்தின் பின்பக்கம்கூடப் பார்த்தேன். மணி இல்லை.

"பேத்திக்கு நிமிசக் கணக்குப் பாத்தேன். மகனுக்கு மணிகூடத் தெரியல," என்றார். மேஜைப் பக்கம் குனிந்து, "நீங்க ஒரு மணி சொல்லுங்களேன். நீங்க சொன்னா எழுதிக்கிறேன்," என்றார்.

சொல்லியிருக்கலாம். காலை பத்து மணி என்று சொல்லியிருந்தால் ஏகாதசி என்று அவர் எழுந்து போயிருப்பார். வருஷா வருஷம் நிம்மதியாகத் திவசம் கொடுத்திருப்பார். என் கண் தன்னையறியாமல் கடிகாரத்துக்குப் போனது. மணி சொல்லிப் பிழைத்தவள் நான். அந்த மனிதருக்கு ஒரு மணி சொல்ல வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது.

"தெரியாதுய்யா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப அமாவாசையில குடுத்துக்கிறேன். திதி தெரியாதவங்களுக்கு அதான் வழியாம்." கடுதாசியை மடித்து மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். எழுந்தவர், மேஜைமேல் இருந்த என் கையைக் குனிந்து பார்த்தார். வாரில் வரிசையை விட்டு விலகி இருந்த ஓட்டையை அந்த நீல விரலால் தொட்டார்.

"இது அவன் போட்டதுதான?"

"ஆமாய்யா."

அந்த வாருக்குப் பிறகு எட்டு வார் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் கடைக்காரனிடம் அதே இடத்தில் கோணலாக ஒரு ஓட்டை போடச் சொல்லுகிறேன். நேராகப் போட்டுத் தருகிறேன் என்று அவன் சண்டைக்கு வருவான்.

"இப்ப மணி என்ன?" என்று கேட்டார் சாயக்காரர்.

"பதினொண்ணு இருவதுய்யா. புது மணி."

"அப்ப பழைய மணிக்குப் பத்து இருவது," என்று அவரே கழித்துக்கொண்டு, வராந்தாப் படி இறங்கிப் போனார்.